மேசை மேல் கவிழ்ந்து கிடந்த இரவு

அதிகாலை மூன்று மணி. மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. மேல்வயிற்றில் பிடித்த வலி இரண்டு விலாவையும் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் போனது. நிமிர்ந்தால் தாங்க முடியவில்லை, முன்னால் குனிந்தால் கொஞ்சம் விட்டது. அதனால் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தேன். எட்டிப் பார்த்த, உற்பத்தி லைனில் வேலை செய்யும் தம்பி ஒருவன், அக்கா அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டுத்தான் திரும்ப ஓடி வந்தான்.

நான்கு மாதங்களாகவே அந்த வலி வருவதும் போவதுமாக இருந்தது. நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'கேஸ்டிரிக்'. நேரம் தப்பிச் சாப்பிடும் ஷிப்ட் ஆட்களிடம் எந்த வயிற்று வலிக்கும் அதுதான் பெயர். மேசை இழுப்பறையில் எப்போதும் ஓர் அட்டை மாத்திரை இருக்கும். இரண்டை மென்றுவிட்டு வேலையைப் பார்ப்போம். தீபாவளிக்கு மறுநாள் வந்த வலி, வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் நாசி கண்டார் என்னும் கறிக்குழம்புச் சோறு சாப்பிட்ட காலைகளில் வந்த வலி, சீனப் புத்தாண்டு விருந்துக்குப் பின் வந்த வலி என்று எல்லாமே கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவைதான். ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். அந்த வழியைக் கல் அடைத்தால் வலிக்கும்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்னும் நொதி, இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கணைய அழற்சி என்றார் டாக்டர். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. பித்தக் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடலில் சேரும் வாயில் என் கல் ஒன்று சிக்கியிருக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய நீர், உள்ளேயே வேலையை ஆரம்பித்துக் கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிட்டது. நரம்பு வழியாக உப்புநீரும் வலி மருந்தும் போய்க்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் கொடுத்த கஞ்சியை நான்கு கரண்டி குடித்தேன். கல் மறுபடியும் இறங்கினால் இதே கதைதான் என்பதால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை அகற்றிவிட்டார்கள். நான்கு சிறு துளைகள், அவ்வளவுதான்.

"குடிப்பீர்களா?" என்று டாக்டர் கேட்டார். மதுவும் இந்த நோய்க்கு முக்கியமான காரணம் என்பதால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. வேலைக்குத் திரும்பியதும் சிலர் அதையே வேறு குரலில் கேட்டார்கள். முதல் வாரம் முழுக்க "இல்லை, பித்தப்பைக் கல்" என்று எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்து லைன் அண்ணன் ஒருவர், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, தனக்கும் இரண்டு வருடத்துக்கு முன் இதே நோய் வந்ததைச் சொன்னார். அவருக்குக் குடியால் வந்தது. வெட்கப்பட்டு, அல்சர் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். குனிந்தால் வலி விடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அன்றோடு என் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

வலி போன பிறகு வந்த சோர்வைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆறு கிலோ இளைத்திருந்தேன். லைனில் ஒரு மணி நேரம் நின்றால் கால் நடுங்கியது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்ற பேச்சு காதில் விழும்போது, இன்னும் கொஞ்சம் நின்றுவிடலாம் என்று தோன்றும். நிற்கக் கூடாது. டாக்டர் கடிதத்தைக் கொடுத்து மூன்று மாதம் பகல் ஷிப்டும் உட்கார ஒரு நாற்காலியும் கேட்டேன், கிடைத்தன. விடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரிவதில்லை. மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடியாது.

கேண்டீனில் சமைக்கும் மலாய்க்கார அக்கா, நான் கேட்காமலே ஒரு சின்னச் சட்டியை ஒதுக்கினார். எண்ணெய் இல்லாத தெளிந்த சூப், அதில் கொஞ்சம் மீகூன் என்னும் அரிசிச் சேமியா, தோல் நீக்கிய கோழி. முதல் நாள் நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி எதிரிலேயே நின்றார். பிறந்த நாள் கேக்கை நீட்டுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு நாள் பிடித்தது.

இன்சுலினைச் சுரப்பதும் கணையம்தான் என்பதால், இந்த நோய் வந்தவர்கள் சர்க்கரையையும் கவனித்துக்கொள்ள வேண்டும். அடுத்த பரிசோதனை டிசம்பரில். கப்பல் ஏற்றும் அவசரத்தில் லைன் பறக்கிற மாதம் அது. அந்த நாளுக்கான விடுப்புப் படிவத்தை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.