ஓட முடியாத வாரங்களில் மூச்சு குறையாமல் பார்த்துக்கொள்வது

கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப வரும் அதிர்வால் விழும் மெல்லிய விரிசல்) என்று டாக்டர் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. எலும்பிடம் பேரம் பேச முடியாது. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து விடுமுறை கொடுக்க வேண்டியதில்லை. முழு ஓய்வில் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைந்துவிடும். பழைய வேகத்தில் ஓடினால் மூச்சு வாங்குவது இதனால்தான்.

இந்த நாட்களில் பலரும் செய்வது தினமும் ஒரு மணி நேரம் சைக்கிளை மெதுவாக மிதிப்பது. மனசுக்கு ஆறுதல், பலன் குறைவு. 1980களில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் குழு செய்த ஆய்வுகளில், வாரம் ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தவர்களுக்கும், 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் அதிகபட்ச ஆக்சிஜன் திறன் (கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) 15 வாரம் வரை நிலைத்தது, தீவிரம் குறையாதவரை. தீவிரத்தைக் குறைத்ததும் திறன் இறங்கியது. ஆகவே, நேரத்தைக் குறைக்கலாம், கடினத்தைக் குறைக்கக் கூடாது.

எலும்புக் காயத்துக்கு என் முதல் தேர்வு ஆழ்நீர் ஓட்டம். இடுப்பில் மிதவை பெல்ட் கட்டி, கால் தரையில் படாத ஆழத்தில் ஓடுவது. நம் ஊர் நீச்சல் குளங்கள் பலவற்றில் ஆழம் நாலடி, ஐந்தடிதான். அங்கே பாதம் தரையைத் தட்டும், அதனால் பயனில்லை. டைவிங் குளமோ ஆழமான முனையோ வேண்டும். உடல் நிமிர்ந்து, மிகச் சிறிய முன்சாய்வோடு இருக்கட்டும். முழங்காலை ஏறக்குறைய இடுப்பு மட்டத்துக்குத் தூக்கி, பாதத்தைக் கீழேயும் பின்னாலும் தள்ளுங்கள். கையை லேசாக மூடிக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் தண்ணீரைத் துழாவினால் வேலை முழுக்கத் தோளுக்குப் போய்விடும். குளத்தில் விறுவிறுவென்று முன்னேறுகிறீர்களா? உடல் சாய்ந்து நீச்சலாகிவிட்டது என்று பொருள். சரியாகச் செய்தால் நகர்வு மிக மெதுவாகவே இருக்கும்.

கையிலுள்ள வாட்சை இங்கே நம்ப வேண்டாம். நீரின் அழுத்தம் ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுவதால், அதே உழைப்புக்கு இதயத்துடிப்பு தரையில் ஓடுவதைவிடச் நிமிடத்துக்குச் சுமார் பத்து குறைவாகக் காட்டும். மூச்சை வைத்து அளவிடுங்கள்: இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத கடினம். பத்து நிமிடம் இலகுவாக, பிறகு 3 நிமிடம் கடினம், 1 நிமிடம் இலகு என எட்டு முறை, முடிவில் ஐந்து நிமிடம் ஆற்றுதல். இன்னொரு நாள் 1 நிமிடம் கடினம், 30 வினாடி இலகு, இருபது முறை. இடைவேளையை நீட்டாதீர்கள்; தண்ணீரில் துடிப்பு சட்டென இறங்கிவிடும். வாரம் மூன்று கடின நாள் போதும்.

சைக்கிளை டாக்டர் அனுமதித்த பிறகு தொடங்குங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். தாழ்ந்த சீட்டில் மிதித்தால் எலும்பு ஆறுவதற்குள் முழங்கால் சிப்பிப் பக்கம் வலி வந்துவிடும். நிமிடத்துக்கு 85–95 சுற்று. வீட்டுக்குள் மிதித்தால் மின்விசிறி கட்டாயம்; காற்றில்லாமல் உடல் சூடேறி, உழைப்பு கூடாமலே துடிப்பு ஏறும். நின்றபடி மிதிக்கும் எலிப்டிகல் இயந்திரத்தில் முழு எடையும் காலில் நிற்கும், ஆகவே வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகே அது. தொடையின் பின்புறம், உட்காரும் எலும்புக்கு அருகே காயம் என்றால் கதை வேறு: சைக்கிள் சீட்டே அதை உறுத்தும். தொடை இடுக்கில் வலி என்றால் எதையும் தொடங்காமல் டாக்டரைப் பாருங்கள். தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதியில், விரிசல் இருக்கலாம், அது ஆபத்தானது.

1984-இல் அமெரிக்க மராத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட் ஏப்ரல் 25 அன்று முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 17 நாள் கழித்து அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மராத்தானில் வென்றார். இடையில் உடற்பயிற்சி சைக்கிளைக் கையால் சுழற்றியும் திறனைக் காத்தார். வியக்க வைக்கும் உறுதி. ஆனால் அந்தக் கால அட்டவணையை எலும்பு விரிசலுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஏனென்றால் சிக்கல் திரும்பும் நாளில்தான் வருகிறது. நீரிலும் சைக்கிளிலும் மூச்சு காப்பாற்றப்பட்டிருக்கும். எலும்பும் குதிகால் நாணும் இத்தனை வாரம் ஓட்டத்தின் அதிர்வையே காணாதவை. மூச்சு கேட்கும் வேகத்தில் ஓடினால் அதே இடத்தில் மறுபடி விரிசல் விழலாம். 30 நிமிடம் வேகமாக நடந்து வலி இல்லை, எலும்பை அழுத்தினால் வலி இல்லை என்ற நிலை சில நாள் தொடரட்டும். பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், 4 நிமிடம் நடை, ஆறு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை முதல் அடியிலும் வலியில்லை என்றால் அடுத்த முறை 2 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை. வலித்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓடும் வரை கடினப் பயிற்சிகள் குளத்திலும் சைக்கிளிலும்தான் நடக்க வேண்டும்.