ஆங்கிலத்தில் வராத ஜெபம்

பிரிட்டனுக்குப் படிக்க விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம், கல்லூரியில் எங்கள் இ.யு. குழுவை நடத்திய அண்ணன் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். "தம்பி, போய் எறங்கினதும் சி.யு. எங்கன்னு பாரு. மொத ரெண்டு வாரத்துல போகலேன்னா அப்புறம் போகவே மாட்ட."

இ.யு. என்பது யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் கல்லூரிக் குழு. அந்த இயக்கம் இந்தியாவில் 1954 முதல் இருக்கிறது. சி.யு. என்பது பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் உள்ள கிறிஸ்டியன் யூனியன். கேம்பிரிட்ஜில் இருப்பது 1877இல் தொடங்கியது. 1947இல் உருவான ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலக இயக்கத்தின் வழியாக இரண்டும் ஒரே குடும்பம், பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் மாதிரி. அதனால் போன இடத்தில் பழகிய வாசனை இருக்கும் என்று நம்பித்தான் போனேன்.

முதல் வாரத்தில் புதிய மாணவர்களுக்கு ஒரு சந்தை போல நடக்கும். எல்லாச் சங்கங்களும் மேஜை போட்டு ஆள் பிடிக்கும். சி.யு. மேஜை நடனக்காரர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் நடுவில் இருந்தது. அங்கே நின்ற பெண் எந்த ஆண்டு என்று கேட்டாள். முதுகலை என்றேன். "ஓ!" என்றாள், மிகவும் மரியாதையாக. அந்த "ஓ"வின் அர்த்தம் அந்த வியாழக்கிழமை கூட்டத்தில்தான் புரிந்தது. இருந்த அறுபது பேரில் முக்கால்வாசிப் பேர் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். எனக்கு இருபத்து நான்கு. கிட்டத்தட்ட சபை மூப்பர்.

வேத ஆராய்ச்சியை நடத்தியவனும் இரண்டாம் ஆண்டு மாணவன்தான். அண்ணன், அக்கா, ஐயா எதுவும் கிடையாது. எல்லாரையும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும். ஒருத்தி கடினமான கேள்வி கேட்டதும் அவன், "எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றான். எனக்கு அது அதிர்ச்சி. வசனத்தை விளக்க எழுந்தவர் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. தெரியாவிட்டால் குரலை உயர்த்துவதுதான் நாங்கள் பழகிய முறை.

இதெல்லாம் சமாளித்துவிட்டேன். சிக்கியது ஜெபத்தில்.

முடிவில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். ஊரில் என்னை ஜெபிக்கச் சொன்னால் பத்து நிமிடம் தாராளமாகப் போகும். "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகத் தகப்பனே, இந்த வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும். பாட்டியிடமிருந்தும் ஞாயிறு பள்ளியிலிருந்தும் காதில் ஏறிய சொற்கள். ஆங்கிலத்தில் எனக்குத் தேர்வு எழுத வரும், நேர்காணலுக்குப் பதில் சொல்ல வரும், வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சண்டை போடவும் வரும். ஜெபிக்க வரவில்லை. "தேங்க் யூ ஃபார் திஸ் டே. ஆமென்." அவ்வளவுதான். அடுத்தவன், முடிந்துவிட்டதா என்று பார்க்கக் கண்ணைத் திறந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அறைக்குத் திரும்பி யோசித்தபோது என்னை மடக்கியது 'யூ' என்ற சொல்தான் என்று தோன்றியது. நான் கடவுளை 'நீர்' என்பேன். நீ, நீங்கள் இரண்டுமே எனக்குப் பேச்சில் தினமும் வரும். 'நீர்' மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த சொல். ஆங்கிலத்தில் பேருந்து ஓட்டுநருக்கும் அவருக்கும் ஒரே 'யூ'. கண்ணை மூடிக்கொண்டு 'யூ' என்றால் யாரோ எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. (அதுதான் நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம்.)

அவர்களுடைய ஜெபத்திலோ வேறொரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: 'ஜஸ்ட்'. "லார்ட், வீ ஜஸ்ட் வாண்ட் டு தேங்க் யூ." எங்கள் ஸ்தோத்திரம் மாதிரி, மூச்சு வாங்கும் இடம் போலிருக்கிறது. ஒருவன் ஒரே ஜெபத்தில் பதினொரு 'ஜஸ்ட்' போட்டான். எண்ணியது தப்புதான்.

நவம்பரில் டோஸ்டி இரவு வந்தது. பிரிட்டன் சி.யு.க்களில் பல இடங்களில் நடப்பது இது. விடுதி மாணவர்கள் கடவுளைப் பற்றி ஏதாவது கேள்வியைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால், சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் பதிலும் அறைக்கே வரும். என்னையும் ஒருவனோடு அனுப்பினார்கள். முதல் மூன்று அறைகளில் கேள்வி ஒரு சாக்கு, ரொட்டிதான் முக்கியம். நான்காவது அறைக்காரன் என்னைப் பார்த்ததும் அனுப்பிய கேள்வியை விட்டுவிட்டான். "நீ இந்தியன்தானே? உன் குடும்பத்தை பிரிட்டிஷ்காரர்கள்தான் மாற்றினார்களா?"

கூட வந்தவன் முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. ஊரில் இதையே தமிழில் கேட்டிருக்கிறார்கள். அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் வந்தார் என்ற மரபைச் சொன்னேன். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்குவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஜெர்மானியர், டென்மார்க் அரசர் அனுப்பி வந்தவர். சிறுபிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுவிட்டவர். ரொட்டி ஆறிப்போனது. அவன் நம்பினானோ இல்லையோ, கதவு வரை வந்து வழியனுப்பினான்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர் கடல் கடந்து வந்து, ஒன்பது வருடத்தில் முழுப் புதிய ஏற்பாட்டையும் எங்கள் மொழியில் கொடுத்திருக்கிறார். நான் இரண்டு மாதமாக இரண்டு வரி ஜெபத்துக்குத் தடுமாறுகிறேன். அன்று முதல் வட்டத்தில் தைரியமாக உளற ஆரம்பித்தேன். இலக்கணம் போனால் போகட்டும்.

சி.யு. தன்னைச் சபை என்று சொல்லிக்கொள்வதில்லை. திருவிருந்து, ஞானஸ்நானம் எதுவும் அங்கே இல்லை. ஞாயிறன்று பாப்டிஸ்ட், ஆங்கிலிக்கன் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். நான் இதை முதலில் குறையாக நினைத்தேன். டிசம்பரில் புரிந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனை ஜோராக நடந்து முடிந்த மறுநாளே சி.யு. முழுவதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. விடுதித் தளத்தில் நானும் ஒரு நைஜீரியனும்தான். ஞாயிறு போய்க்கொண்டிருந்த சபையில் ஒரு வயதான தம்பதியர் கூப்பிட்டிருக்காவிட்டால் இருவரும் கிறிஸ்துமஸ் அன்று துணி துவைத்திருப்போம். மாணவர் குழு பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும். அண்ணன் இதைச் சொல்லவில்லை.

ஜனவரியில் எல்லாரும் திரும்பினார்கள், வட்டமும் திரும்பியது. பிப்ரவரிக்குள் எனக்கு ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் ஓடியது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டோடு போனில் குடும்ப ஜெபம். அப்பா என்னை ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடி, வழக்கம் போல ஆரம்பித்தேன். "ஆண்டவரே, நாங்கள் சும்மா உமக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறோம்..."

"சும்மாவா?" என்றார் அம்மா, நான் ஆமென் சொல்லும் வரைகூடப் பொறுக்காமல்.