புதன்கிழமை அணி

2007 ஜனவரி 24. லண்டனின் ஹரோவில், எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணை ஒருவரின் வீடு. தொலைக்காட்சிக்கு முன்னால் ஆறு பேர், ஆறு பேரும் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள். ஆங்கில உதைபந்தாட்ட லீக் கிண்ணத்தில் ஆர்சனலுக்கும் ரொட்டன்ஹாமுக்கும் இடையிலான அரையிறுதியின் முதல் ஆட்டம், ரொட்டன்ஹாமின் வைற் ஹார்ட் லேன் மைதானத்தில். ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஆனால் அண்ணை ஏற்கனவே எழும்பி நின்றுகொண்டிருந்தார்.

"டேய், இது லிவர்பூல் இல்லை. ரொட்டன்ஹாம். இதுக்குப் போய்ச் சின்னப் பெடியளை விடுறதே? வெங்கருக்கு விசரே?"

விஷயம் இதுதான். அந்தப் பருவம் முழுவதும் லீக் கிண்ண ஆட்டங்களுக்கு ஆர்சனலின் முகாமையாளர் ஆர்சன் வெங்கர் இளம் வீரர்களையே அதிகம் இறக்கினார். இரண்டு கிழமைக்கு முன்னர் அந்தப் பெடியள் லிவர்பூலின் சொந்த மைதானத்தில் 6-3 என்று வென்றிருந்தார்கள். ஜூலியோ பாப்ரிஸ்டா மட்டும் 4 கோல். சரி, லிவர்பூலிடம் செய்தது போதும், பரம எதிரியோடு விளையாடும்போது முழு அணியும் வேண்டும் என்பது அண்ணையின் கட்சி. மற்றக் கட்சிக்கும் நியாயம் இருந்தது. மூன்றே நாளுக்கு முன்னர்தான் ஆர்சனல் மன்செஸ்ரர் யுனைற்றெட்டை 2-1 என்று வென்றிருந்தது. சமநிலை கோலை அடித்த வான் பேர்சிக்கு, அந்தச் சந்தோஷத்தில் குதித்தபோதே பாத எலும்பு உடைந்துபோனது. கடைசி நேரத்தில் ஹென்றி தலையால் அடித்துத்தான் வெற்றி வந்தது. அப்படி உடம்பைப் பிழிந்து விளையாடியவர்களை மூன்றாம் நாளே திரும்பவும் ஓடவிடுவதா என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணையின் அந்தக் குரலை, ஏறக்குறைய அதே வசனத்தை, 1979 இல் எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறேன். அன்று அவர் 'சின்னப் பெடியள்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அந்த வருட உதைபந்தாட்ட அணியில் நாங்கள் 16 பேர். நான் பதினைந்தாவது ஆள். சீசன் முழுவதும் பயிற்சிக்குப் போவேன், கோல் கம்பத்துக்கு வலை கட்டுவேன், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பேன். கல்லூரியிடம் நல்ல பூட்ஸ் 11 சோடிதான் இருந்தது. அது முதல் 11 பேருக்கு. மிச்சம் ஐந்து பேரும் பயிற்சியில் வெறுங்காலோடுதான் ஓடினோம். அந்தச் செம்மண் தரையில் மழை பெய்து காய்ந்த பிறகு வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும்.

எதிரணிக் கல்லூரியின் பெயரை இந்தப் பழைய மாணவர் மலரில் நான் எழுதத் தேவையில்லை. நாலு மைல் தூரம். அவர்களோடு விளையாடும் சனிக்கிழமைக்காகவே பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்து லீவு போட்டுவிட்டு வருவார்கள். அந்த வருடம் அட்டவணை இறுகிப்போனது. மழையால் பிற்போடப்பட்ட ஆட்டமொன்றைச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமையில் வைத்துவிட்டார்கள். புதன்கிழமை வருகிற அணி அவ்வளவு பலமானதல்ல. ஆனால் அதிலும் வென்றால் 2 புள்ளி, சமநிலையென்றால் 1 தான்.

திங்கட்கிழமை மாலை எங்கள் மாஸ்ரர் புதன்கிழமைக்கான பெயர்களை வாசித்தார். பின்வரிசையின் நடுவில் நிற்கும் சென்ரர் ஹாஃப் இல்லை. இடது விங்கில் ஓடுகிறவன் இல்லை. முன்வரிசையில் இன்னும் இரண்டு பேர் இல்லை. இடது பின்வரிசையில் நிற்பவனும் இல்லை, அவனுக்குப் பதிலாக என் பெயர். வாசித்துவிட்டுக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊர் முழுவதும் கதை பரவிவிட்டது. தேநீர்க் கடையில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், நூலக வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. "வெல்லுற ரீமைக் கலைக்கக் கூடாது" என்று ஒரு கூட்டம். "ஒரு கிழமையிலை ரெண்டு ஆட்டம், இந்த வெயிலுக்கை பெடியள் சாகிறதே" என்று இன்னொரு கூட்டம். விளையாடுகிறவர்களில் பாதிப்பேர் ஐந்தாறு மைல் சைக்கிள் உழக்கிப் பள்ளிக்கூடம் வருகிறவர்கள், அதே சைக்கிளில்தான் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டத்தில் இரண்டு பேரைத்தான் மாற்றலாம். இன்று பிரீமியர் லீக்கில் ஐந்து பேரை மாற்றுகிறார்கள், யாராவது களைத்தால் சமாளித்துவிடலாம். எங்களுக்கோ தொடக்கத்தில் எடுக்கும் முடிவுதான் முடிவு. அதனால்தான் பேச்சு அவ்வளவு சூடாக இருந்தது என்று இப்போது விளங்குகிறது.

அண்ணை அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். தேநீர்க் கடையில் மாஸ்ரரின் முகத்துக்கு நேரே கேட்டார்.

"சேர், ஒரு புள்ளி போனாலும் கிண்ணம் போயிடும். இந்தப் பெடியளை நம்பி விடலாமே?"

"சனிக்கிழமை ஓடக் கால் வேணும் தம்பி. புதன்கிழமையே கால் முடிஞ்சால் சனிக்கிழமை ஆர் ஓடுறது?"

"அப்ப நான் புதன்கிழமை பார்க்க வரமாட்டன்."

"வராட்டி விடும். நான் பெயரை வாசிச்சிட்டன்" என்றார் மாஸ்ரர். அவர் இளையவர்களையும் 'நீர்' என்றுதான் பேசுவார்.

நானும் அந்தக் கடையில்தான் நின்றேன், வாசல் தூணோடு. கையில் பாதிப் பணிஸ். அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நம்பி விடலாமா என்று அவர் கேட்டது பொதுவாக எல்லோரையும்தான், என்னைக் குறிவைத்தல்ல. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை எனக்குக் கிடைத்தது சென்ரர் ஹாஃபின் பூட்ஸ். என் காலுக்கு இரண்டு அளவு பெரியது. அவனே பக்கத்தில் குந்தியிருந்து பழைய பத்திரிகைக் கடதாசியைச் சுருட்டி முன்பக்கத்தில் அடைத்து, நாடாவைப் பாதத்தின் கீழால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டான். தன் இடத்துக்கு இன்னொருவன் வந்த கோபம் அவனிடம் துளியும் இல்லை. "பந்தைப் பார், ஆளைப் பாராதை" என்று மட்டும் சொன்னான். எந்தப் பயிற்சியாளரும் எனக்கு அதைவிட நல்லதாக ஒன்றும் சொல்லித் தந்ததில்லை.

ஆட்டம் 0-0. நாங்கள் மோசமாக விளையாடவில்லை, ஆனால் கோல் அடிக்கவும் ஆள் இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் கோல்காப்பாளரைத் தாண்டிப் பந்து உருண்டு போனது. நான் ஓடிப்போய்க் கோட்டில் வைத்து வெளியே உதைத்தேன். பூட்ஸும் காலைவிட்டுக் கழன்று போய் வேலிக்கருகில் விழுந்தது. பார்வையாளர் அன்று மிகக் குறைவு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் இழந்த ஒரு புள்ளியைப் பற்றியே பேசினார்கள். அந்தப் பந்தைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி மதில்மேலும் ஆள். நான் பழையபடி தோடம்பழப் பாத்திரத்தோடு கரையில். இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் வாங்கிவிட்டோம். இரண்டாம் பாதியில் வெயில் ஏற ஏற எதிரணியின் வலது பின்வரிசைக்காரன் இடுப்பில் கைவைத்து நிற்கத் தொடங்கினான். எங்கள் இடது விங்க்காரன், புதன்கிழமை ஓய்வெடுத்தவன், அவனைக் கடந்து கடந்து ஓடினான். கடைசியில் அவன் கொடுத்த பந்தில்தான் எங்கள் கோல் வந்தது. 1-1. வந்த சனம் தோற்காத சந்தோஷத்தோடு கலைந்து போனது.

அப்புறம் சீசன் முடிவில் கிண்ணம் ஒரு புள்ளியால் போனது.

அந்த ஒரு புள்ளி புதன்கிழமையில் போனதா, அல்லது புதன்கிழமையால்தான் சனிக்கிழமைப் புள்ளி வந்ததா? 1979 இலிருந்து இன்றுவரை எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கதை வராமல் போகாது. மாஸ்ரர் பின்னர் ஒரு நாளும் தன் முடிவுக்கு விளக்கம் சொன்னதில்லை. கல்லூரி மண்டபத்தில் மாட்டிய அந்த வருட அணிப் படத்தில் 11 பேர்தான் இருந்தார்கள். மிச்சம் ஐந்து பேரையும் படமெடுக்கக் கூப்பிடவேயில்லை. அது எனக்கு அன்று வலித்தது. இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால் வலிக்கும்.

ஹரோ வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். லண்டனுக்கு வந்த எங்களில் பலர் முதன்முதலில் அறை எடுத்த இடத்துக்குப் பக்கத்து அணியையே பிடித்துக்கொண்டோம். அண்ணைக்கு முதல் அறை ஆர்சனலின் பழைய மைதானம் இருந்த ஹைபரிக்கு அருகில், அதனால் ஆர்சனல். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் செவன் சிஸ்ரர்ஸில் இருந்தான், அவன் ரொட்டன்ஹாம். தென் லண்டனின் வூல்விச்சிலிருந்து 1913 இல் ஆர்சனல் வடக்கே ஹைபரிக்கு வந்ததிலிருந்து வளர்ந்த பகை அது. இரண்டு மைதானங்களுக்கும் இடையே ஏறக்குறைய நாலு மைல். எங்களுக்குப் பழக்கமான தூரம்.

வெங்கர் அன்றிரவு இளம் அணியைத்தான் இறக்கினார். 21 நிமிடத்துக்குள் ரொட்டன்ஹாம் 2-0. பெர்பரோவ் ஒன்று, மற்றது பாப்ரிஸ்டா தன் கோலுக்குள்ளேயே அடித்தது. அண்ணை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். இரண்டாம் பாதியில் அதே பாப்ரிஸ்டா இரண்டு கோல் அடித்து 2-2 ஆக்கினார். குசினி வாசலில் நின்றே அண்ணை அதைப் பார்த்தார். அடுத்த கிழமை, அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், ஆர்சனலின் புதிய மைதானமான எமிரேற்ஸில் மேலதிக நேரத்தில் ஆர்சனல் 3-1 என்று வென்றது. இறுதியாட்டத்தில் 17 வயது வோல்கொட் முதல் கோலை அடித்தும் செல்சியிடம் 2-1 என்று தோற்றார்கள். தோற்றபோதும் வெங்கர் செய்தது சரியென்றே எனக்குப் பட்டது. அரையிறுதிவரை கொண்டுவந்தவர்களைக் கடைசி நாளில் கரையில் உட்காரவைக்காத மனிதர் அவர்.

அடுத்த வருடம் அதே அரையிறுதி, அதே எதிரி. 2008 ஜனவரி 22 அன்று வைற் ஹார்ட் லேனில் ரொட்டன்ஹாம் 5-1. 1999 நவம்பருக்குப் பிறகு அவர்கள் ஆர்சனலை வென்றது அன்றுதான். செவன் சிஸ்ரர்ஸ் நண்பன் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்துச் சிரித்தான், அது அவனுடைய உரிமை. பத்தரை மணிக்கு அண்ணையின் அழைப்பு வந்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கப்போகிறார் என நினைத்தேன்.

அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

"டேய், அந்தப் புதன்கிழமை நீ கோட்டிலை வைச்சு ஒரு பந்தை எடுத்தியே..."

"அண்ணை, நீங்கள் அண்டைக்கு வரேல்லையே?"

"உள்ளுக்கு வரேல்லை. ஒழுங்கையிலை, வேலிக்கு வெளியாலை சைக்கிளிலை நிண்டனான். உன்ரை பூட்ஸ் எனக்கு முன்னாலைதான் வந்து விழுந்தது. உள்ளுக்குக் கடதாசி அடைச்சிருந்தது. நான்தான் அதை எடுத்து வேலிக்கு மேலாலை எறிஞ்சனான்."

பூட்ஸ் யார் கையிலிருந்து திரும்பி வந்தது என்று நான் அன்று நிமிர்ந்து பார்க்கவில்லை. கோணர் உதை வரப்போகிறது என்ற அவசரத்தில் காலை நுழைத்துக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.