கெபாசிட்டரைத் தொடும் முன்

பழைய ஹார்ன் ஸ்பீக்கர் வேலைக்கு வந்ததும் பலருக்கு முதலில் கை போவது கிராஸ்ஓவர் (ஒலியைத் தாழ்ந்தது, மத்தி, உயர்ந்தது என்று பிரித்து அனுப்பும் மின்சுற்று) பக்கம்தான். கெபாசிட்டரை மாற்றினால் ஒலி தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் வேரோடிப் போயிருக்கிறது. சில நேரம் தெளியவும் செய்யும். ஆனால் ஐம்பது அறுபது வருடம் ஆன பெட்டியில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாற்றினால், எது எதைச் சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

இங்கே பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் 1946-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெட்டிகளைப் பற்றியது. மூலையில் வைக்கும் கிளிப்ஷ்ஹார்னும் 1963-இல் வந்த லா ஸ்காலாவும்தான் முக்கியமானவை. இரண்டிலும் தாழ்ந்த ஒலிக்கு 15 அங்குல கே-33 வூஃபர், மத்தி ஒலிக்கு கே-400 உலோக ஹார்னில் கே-55 டிரைவர், உயர்ந்த ஒலிக்கு கே-77 ட்வீட்டர். (ஒலி எழுப்பும் இந்த மூன்றையுமே பொதுவாக டிரைவர் என்பார்கள்.)

முதலில் மல்டிமீட்டர். கிராஸ்ஓவரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு டிரைவரின் டிசி ஓமையும் அளக்க வேண்டும். வூஃபர் 3 ஓமுக்குச் சற்று மேல், கே-55 ஏறக்குறைய 11, ட்வீட்டர் 6-ஐ ஒட்டி வந்தால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) அறுபடவில்லை என்று அர்த்தம். அறுபடவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. வூஃபரின் கரகரப்பைக் கண்டுபிடிக்க, 40 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை சைன் ஒலியை (கலப்பில்லாத ஒற்றைச் சுரம்) குறைந்த சத்தத்தில் மெதுவாக ஏற்றிக் கேட்க வேண்டும். இசையில் ஒளிந்துகொள்ளும் உரசல் அதில் வெளியே வந்துவிடும்.

அடுத்தது காற்றொழுக்கு. வூஃபருக்குப் பின்னால் உள்ள அறை இறுக மூடியிருந்தால்தான் ஹார்னின் கணக்கு சரியாக வரும். வூஃபரை எடுக்கத் திறக்கும் மூடியைச் சுற்றியுள்ள பழைய கேஸ்கெட் காய்ந்து நொறுங்கியிருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றை மூடியின் விளிம்பு நெடுகப் பிடித்துக்கொண்டு போனால் ஒழுகும் இடத்தில் அது படபடக்கும். புதிய நுரைப் பட்டை ஒட்டினால் போதும். பேஸ் மெலிந்துவிட்டது என்ற புகார் பல பெட்டிகளில் இத்தோடு தீர்ந்துவிடும்.

கிளிப்ஷ்ஹார்னில் இன்னொரு ஒழுக்கு உண்டு. அறையின் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்துதான் அதன் பேஸ் ஹார்னின் கடைசிப் பகுதி. சுவர் அடியில் ஓடும் ஸ்கர்டிங் பலகையால் பெட்டி ஒரு விரல் தள்ளி நின்றாலே ஹார்ன் பாதியில் உடைந்துபோகும். தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் நுரை உறையைப் பின் விளிம்பில் செருகுவது பழைய வைத்தியம், இன்றும் அதுவே சிறந்தது. (2019-இல் வந்த பதிப்பில் பின்புறத்தையே மூடிவிட்டார்கள். பழையவற்றில் அந்த வசதி இல்லை.)

லா ஸ்காலாவுக்கு மூலை தேவையில்லை. அதன் குறை வேறு. பேஸ் 50 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே விழுந்துவிடும். எந்தக் கெபாசிட்டராலும் அதை மீட்க முடியாது, சப்வூஃபர்தான் வழி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கப் பலகைகளும் வூஃபர் ஒலியில் அதிரும். நடுவில் ஒரு குறுக்குக் கட்டையை இறுக்கமாகச் செருகினால் அதிர்வு குறையும். ஒட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. ஏன் என்பது விற்கும்போது தெரியும்.

கே-400 வார்ப்பு அலுமினியம். விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அதன் வெளிப்புறத்தில் கயிறு வடிவில் வரும் ஜன்னல் அடைப்புப் பசையைச் சுற்றினால் மணிச் சத்தம் செத்துவிடும். இதனால் ஒலி எவ்வளவு மாறுகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் கணிப்பில் மாற்றம் சிறியதுதான். ஆனால் செலவு குறைவு, பசையை உரித்தெடுத்துவிடவும் முடியும்.

இத்தனைக்கும் பிறகுதான் கிராஸ்ஓவர். கிளிப்ஷின் கிராஸ்ஓவர் வகைகளில் ஒன்றான டைப் ஏஏ-யில் ட்வீட்டருக்கு 2 மைக்ரோஃபாரட் இரண்டு, மத்திக்கு 13 மைக்ரோஃபாரட் ஒன்று, வூஃபருக்கு 2.5 மில்லிஹென்றி காயில். கெபாசிட்டரின் மதிப்பு பெரும்பாலும் எழுதியபடியே இருக்கும், ஆனால் உள் தடை ஏறியிருக்கும். அதனால் வெறும் மைக்ரோஃபாரட் காட்டும் மீட்டர் போதாது, உள் தடையையும் அளக்கும் மீட்டர் வேண்டும். 13 தனியாகக் கிடைக்கவில்லை என்றால் 10-ஐயும் 3-ஐயும் இணையாகப் போடலாம். பழைய உலோக டப்பா கெபாசிட்டரின் எண்ணெயில் பிசிபி என்னும் நச்சுப் பொருள் இருக்கக்கூடும். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1979-இல் தடை செய்யப்பட்டது. ஒழுகும் டப்பாவை வெறுங்கையால் தொடக்கூடாது, குப்பையில் எறியவும் கூடாது.

வூஃபர் காயிலை அநாவசியமாக மாற்ற வேண்டாம். இரும்பு உள்ளகம் கொண்ட பழைய காயிலின் தடை மிகக் குறைவு. மெல்லிய கம்பியில் சுற்றிய புதிய காற்று உள்ளகக் காயில் 0.5 ஓம் கூட்டினால், 4 ஓம் சுமையில் பேஸ் 1 டெசிபெல் போய்விடும்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் ஆட்டோஃபார்மர், அதாவது மத்தியின் சத்தத்தைக் குறைக்கப் பல முனைகளோடு கிராஸ்ஓவரில் இருக்கும் சுருள். மத்தி கத்துகிறது என்று கம்பியை ஒரு முனை கீழே இறக்குவார்கள். சத்தம் 3 டெசிபெல் குறையும், சரிதான். ஆனால் கெபாசிட்டர் பார்க்கும் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) அதே நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். தொழிற்சாலை அமைப்பில் 16 ஓம் டிரைவர் 32 ஓமாகத் தெரியும். 13 மைக்ரோஃபாரட்டுடன் சேர்ந்து வெட்டு (அதற்குக் கீழே மத்தியின் ஒலி குறையத் தொடங்கும் இடம்) 400 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். இன்னொரு முனை இறக்கினால் 64 ஓம், வெட்டு 200-க்குச் சரிந்துவிடும். அந்த ஹார்ன் 400-க்குக் கீழே டிரைவருக்குப் பிடிமானம் தராது. டயாஃப்ரம் (டிரைவரின் அதிரும் தகடு) தேவையில்லாமல் ஆடும், குரல் மூக்கடைத்ததுபோல் வரும். கத்தலைக் குறைக்கப் போய் வேறொரு கத்தலை வாங்கியதுதான் மிச்சம். கெபாசிட்டரையும் பாதியாக, 6.5-க்குக் குறைத்தால் வெட்டு பழைய இடத்துக்கு வரும். ஆட்டோஃபார்மரின் உள்நுழைவில் 10 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போடுவோரும் உண்டு. அப்போது முனையை மாற்றினாலும் வெட்டு அதிகம் நகராது, ஆனால் கெபாசிட்டர் 50 மைக்ரோஃபாரட் அளவுக்குப் பெருத்துவிடும்.

கேட்டுப் பார்க்கும் முறையில் ஒரே ஒரு கண்டிப்பு: ஒரு பெட்டியில் மட்டும் மாற்றம் செய்து, மோனோ ஒலியில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். சத்தம் அரை டெசிபெல்லுக்குள் சமமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சத்தமான பெட்டிதான் ஜெயிக்கும். வாத்தியத்தைவிடப் பேச்சுக் குரல் நல்ல பரிசோதகர், ஏனென்றால் 400 ஹெர்ட்ஸ் வெட்டு அதன் நடுவிலேயே விழுகிறது. உட்காரும் இடம் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கிட்டே போனால் மூன்று ஹார்னும் தனித்தனியாகக் காதில் விழும்.

ஆம்ப்ளிஃபையரையும் மறக்கக்கூடாது. இந்தப் பெட்டிகளின் உணர்திறன் 1 வாட்டுக்கு, 1 மீட்டரில் 104 டெசிபெல். 88 டெசிபெல் பெட்டி 40 வாட்டில் தரும் சத்தத்தை இது 1 வாட்டில் தந்துவிடும். அதே கணக்கில் ஆம்ப்ளிஃபையரின் சீறலும் உறுமலும் 16 டெசிபெல் உரக்கக் கேட்கும். வாடிக்கையாளர் 'ஸ்பீக்கர் இரைகிறது' என்றால் முதலில் அவருடைய ஆம்ப்ளிஃபையரைக் கேளுங்கள்.

விற்பனையில் விலை போவது பெரும்பாலும் அசல் நிலைதான். கழற்றிய கெபாசிட்டர், காயில், பழைய கம்பி எல்லாவற்றையும் பையில் போட்டு, எந்தப் பெட்டியுடையது என்று எழுதிப் பெட்டியோடு கொடுக்க வேண்டும். டிரைவர் பலகையில் புதுத் துளை போட்டால் அதை மறைக்க வழியில்லை. குறுக்குக் கட்டையை ஒட்ட வேண்டாம் என்றது இதற்காகத்தான். எண்ணெய் பூசிய மரத்தாளை (பெட்டியின் மேல் ஒட்டிய வெனீர்) மணல்தாளால் தேய்ப்பதும் அப்படித்தான், மரத்தாள் மெல்லியது, ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். பின்புற லேபிள், வரிசை எண், கிராஸ்ஓவர் எண், டிரைவர்களின் எண் எல்லாம் படத்தில் தெரியட்டும். ஜோடியில் ஒன்றில் டைப் ஏ, மற்றதில் டைப் ஏஏ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1957-இல் வந்த ஹெரசியை முழு ஹார்ன் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. அதில் மத்தியும் ட்வீட்டரும்தான் ஹார்ன், வூஃபர் மூடிய பெட்டியில் நேரடியாக ஒலிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெட்டி திரும்பி வராது. கிளிப்ஷ்ஹார்ன் கேட்பவரிடம் கதவோ ஜன்னலோ குறுக்கிடாத இரண்டு மூலைகள் இருக்கின்றனவா என்று பணம் பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வண்டியில் ஏற்றும்போது கே-55-ஐ ஹார்னிலிருந்து திருகிக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். கனமான டிரைவர் ஹார்னின் கழுத்தில் தொங்கிக்கொண்டு குலுங்கினால் கழுத்துதான் வாங்கும். டிரைவரின் வாயை டேப்பால் மூட வேண்டும், ஒரு இரும்புத் துகள் உள்ளே போனாலும் காந்தம் விடாது. ஆல்னிகோ என்னும் கலப்புலோகக் காந்தமுள்ள டிரைவரைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரிக்கவே கூடாது, காந்தச் சுற்று திறந்தாலே அதன் பலம் குறைந்துவிடும். போய் இறக்கியதும் டேப்பை எடுத்துவிட்டுத்தான் டிரைவரைத் திருக வேண்டும். அதை மறந்து மாட்டிவிட்டு, மத்தி ஒலிக்கவில்லை என்று மீட்டரோடு அரை மணி நேரம் உட்காருவது இந்தத் தொழிலில் புதிதல்ல.