முதல் அடிக்கே விசில்

பந்தை வாங்கி, தோளை ஒரு பக்கம் ஆட்டி எதிராளியை ஏமாற்றி, நீளமாக முதல் அடி வைத்ததுமே விசில். நடுவர் இரண்டு கையையும் உருட்டிக் காட்டுகிறார்: டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் நடந்த தவறு. சிறு வயதிலிருந்து அமெரிக்காவில் போட்டுப் பழகிய அதே அடி. ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் பிழைக்கப் போன அமெரிக்கப் பெண் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்களுக்கு அந்நிய மண் முதலில் உறைப்பது இந்த விசிலில்தான்.

பந்தைத் தட்டி ஓடத் தொடங்கும்போது, ஊன்றிய கால் தரையை விட்டு எழும்பும் முன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பாவில் உலக பாஸ்கெட்பால் சம்மேளனமான ஃபிபாவின் விதி; அதன் நடுவர்கள் விடமாட்டார்கள். திருத்த ஒரே வழி, முன்கால் இறங்கும்போதே பந்தைத் தரைக்குத் தள்ளிவிடுவது. கேட்க எளிது. களைத்துப்போன நாலாவது குவார்ட்டரில் கால் தானாகப் பழைய ஊருக்கே போய்விடும். ஃபிபா விதியிலேயே வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வலி தெரியாது. ஃபவுலும் அங்கே ஆறில்லை, ஐந்தோடு வெளியே.

அமெரிக்காவிலிருந்தா பிழைக்கப் போவது? போனார்கள். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ மே மாதம் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடியும்; ஐரோப்பிய சீசன் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. அமெரிக்க நட்சத்திரம் டயானா டாராசி 2015-இல் உள்ளூர் சீசனையே விட்டார். ஊரில் அவர் சம்பளம் ஏறக்குறைய 1,07,000 டாலர். ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் கிளப் கொடுத்தது சுமார் 15 லட்சம் டாலர். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

யெகாதெரின்பர்க் நேரம் நமக்கு அரை மணி பிந்தியது. டாராசியும் அதே கிளப்புக்குப் போன பிரிட்னி கிரைனரும் ஊரில் ஆடிய பீனிக்ஸ் நகருக்கோ சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். முள் வீட்டு நேரத்தையே காட்டும். ஜன்னலுக்கு வெளியே மட்டும் இருட்டும் பனியும்.

பழகிவிட்டது என்று நினைக்கையில் சீசன் முடியும். ஊர் திரும்பினால் கூடைக்கடியில், தான் தடுக்க வேண்டிய ஆளை விட்டு மூன்று விநாடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஃபிபாவில் அந்த விதியே இல்லை. சொந்த வீட்டிலும் மறுபடி குடியேற வேண்டும்.

இதில் ஓய்வு என்பதே கிடையாது. என்னைக் கேட்டால் பெரிய கொடுமை அதுதான். பிரியானா ஸ்டூவர்ட் 2019 ஏப்ரலில் ஹங்கேரியின் ஷோப்ரோனில், ஐரோப்பிய கிளப்புகளின் யூரோலீக் இறுதி ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார்; உள்ளூரில் அந்த ஆண்டு முழுக்க ஆட முடியவில்லை. பிறகு ஊர்ச் சம்பளம் கூடியது, கூடவே கட்டுப்பாடும் வந்தது: 2023-இல் வெளிநாட்டிலிருந்து தாமதமாக வந்தால் நாளொன்றுக்குச் சம்பளத்தில் 1 சதவீதம் அபராதம், 2024 முதல் அந்த சீசனே கிடையாது.

கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி டிசம்பரில்தான் வீடு திரும்பினார். ஒலிம்பிக் தவிர இனி வெளிநாட்டில் ஆடமாட்டேன் என்றார். 2024-இல் பாரிஸ். மறுபடி ஃபிபா விதி. இறுதி ஆட்டத்தில் கடைசி நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து விழுந்தது. அவர் பிறந்தது அமெரிக்காவின் நெவாடாவில். கால் மூன்று புள்ளிக் கோட்டைத் தொட்டிருந்ததால் இரண்டே புள்ளி. 67–66, அமெரிக்காவுக்குத் தங்கம்.