எம்ஜிபி 'புராஜெக்ட்' கார் வாங்குமுன்

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேற்கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்), "இன்ஜின் ஜாம், மற்றபடி முழுசு" என்று, சரிசெய்து ஓட்டவேண்டிய 'புராஜெக்ட்' காராக விற்பனைக்கு வந்தால் இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். 1798 சிசி பி-சீரிஸ் இரும்பு இன்ஜின். பிளக்குகளைக் கழற்றி, துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, இன்ஜின் முன்னே உள்ள கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பினால் பல இன்ஜின்கள் சுற்றிவிடும். ஸ்டார்ட்டரால் இழுத்துப் பார்க்க வேண்டாம், பிஸ்டன் ரிங் உடையும்.

வண்டியின் உயிர் இருப்பது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பெட்டியில்தான். இந்த வண்டிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. அந்தப் பெட்டி வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அடுக்காக இருக்கும். வெளித்தகடு மட்டும் புதிதாகப் பளபளத்தால் உள்ளே துருவை மூடியிருக்கிறார்கள் என்றே சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டாத இடம், ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி (பசை). கதவின் பின்பக்க இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது.

துருப்பிடித்த சில்லை வெட்டும்போது கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு செய்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். கதவை அடிக்கடி மாட்டி இடைவெளி பாருங்கள். இதை விட்டவர்களின் வண்டியில் பெயின்ட் முடிந்த பிறகு கதவு மூடாது.

1967 வரையிலான வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பேட்டரியை மாற்றி இணைத்தால் ரேடியோ போய்விடும். பிரேக் ரப்பர், ஹோஸ் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள், அத்தனையும் புதிது.