வெளியே ஒரு கார்டு, உள்ளே ஒரு கார்டு

ஜனவரி 10, சனி

கேமிங் லேப்டாப்புக்கு வெளி கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது, அதை மாற்ற வழியில்லை. ஆனால் பிராசஸர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது, ரேம் போதுமான அளவு இருக்கிறது, பக்கவாட்டில் தண்டர்போல்ட் 3 போர்ட் (யூஎஸ்பி-சி வடிவில் இருக்கும் அதிவேக இணைப்பு) ஒன்று சும்மா கிடக்கிறது. அதனால் வெளி கார்டாக ஒரு ஆர்டிஎக்ஸ் 3070, அதை வைக்க சொந்த பவர் சப்ளையோடு ஒரு பெட்டி, பெட்டியோடு வந்த அரை மீட்டர் கேபிள். சாமான் இவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது அதிகபட்ச எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்) அல்ல. எப்போது ஆன் செய்தாலும் கார்டு ஒரே மாதிரி எழுந்து வர வேண்டும்; நீண்ட நேரம் ஆடினாலும் திரை கறுப்பாகக் கூடாது. அது கிடைத்த பிறகுதான் வேகத்தைப் பற்றிப் பேச்சு.

போர்டின் கணக்கை முதலிலேயே எழுதி வைக்கிறேன். தண்டர்போல்ட் 3 என்றால் நொடிக்கு 40 ஜிகாபிட் என்று போட்டிருக்கும். அந்த 40 முழுவதும் கார்டுக்கு வராது. டிஸ்ப்ளே சிக்னலுக்கும் அதில் பங்கு உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் தரவுக்கு, அதாவது கம்ப்யூட்டரும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதைக்கு, கிடைப்பது சுமார் 22 ஜிகாபிட், அதாவது நொடிக்கு 2.75 ஜிபி. டெஸ்க்டாப்பில் இதே கார்டு அந்தப் பாதையின் 16 லேனில், அதாவது 16 தடங்களில், உட்காரும். இங்கே 4 லேன், அதுவும் தண்டர்போல்ட் சிக்னலுக்குள் பொதிந்து, ஒரு சுரங்கம் வழியாகப் போவதுபோல. வேகத்தில் இழப்பு இருக்கத்தான் செய்யும், அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) தண்டர்போல்ட் பாதுகாப்பு நிலை "யூசர் ஆதரைசேஷன்" என்று இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, விண்டோஸில் தண்டர்போல்ட் செயலி பெட்டியைப் பற்றிக் கேட்டபோது "எப்போதும் இணைக்கவும்" என்று அனுமதி கொடுத்தேன். இந்தப் போர்ட் வழியாக ஒரு சாதனம் நேரடியாக ரேமைத் தொட முடியும். அதனால் பாதுகாப்பை முழுதாக அணைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

எரர் 12. வெளி கார்டு பொருத்துபவர்களில் பலர் முதலில் சந்திப்பது இதைத்தான். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் வருகிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், "இந்தச் சாதனத்துக்குப் போதுமான வளங்கள் இல்லை" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. கார்டு கெட்டுவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்பியவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறேன். கார்டில் கோளாறே இல்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பிசிஐ சாதனமும் பிராசஸரின் முகவரிப் பரப்பில் தனக்கென ஒரு துண்டு கேட்கும். ஒரு ஜிஃபோர்ஸ் கார்டு (என்விடியாவின் வரிசை, என்னுடைய இரண்டும் அதுதான்) கேட்பதில் பெரிய துண்டு 256 எம்பி, அதோடு சிறிய துண்டுகளும் உண்டு. பல லேப்டாப்களின் பயாஸ் இவற்றையெல்லாம் முதல் 4 ஜிபி முகவரிக்குள்ளேயே ஒதுக்கப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே ரேமின் ஒரு பகுதி, உள் கார்டு, வைஃபை, எஸ்எஸ்டி எல்லாம் குடியிருக்கின்றன. மிச்சம் இருக்கும் இடம் மொத்தமாகப் போதும் என்றாலும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. தியேட்டரில் அங்கங்கே நாற்காலி காலியாக இருந்தும் ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார வரிசை கிடைக்காத கதை. உள்ளே தனி கார்டு வைத்திருக்கும் கேமிங் லேப்டாப்களில் இந்தத் தொல்லை அதிகம். அந்தக் கார்டும் ஒரு 256 எம்பியைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம்.

முதலில் "அபவ் 4ஜி டிகோடிங்" என்ற அமைப்பைப் பயாஸில் தேடினேன். அது இருந்தால் பெரிய துண்டுகளை 4 ஜிபிக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடலாம், பிரச்சினை அங்கேயே முடிந்தது. டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இது சர்வ சாதாரணம். என் லேப்டாப்பின் பயாஸில் இல்லை, தயாரிப்பாளர் தளத்தில் இருந்த கடைசிப் பதிப்பிலும் இல்லை.

அடுத்த வழி, இடத்தைக் காலி செய்வது. டிவைஸ் மேனேஜரில் உள் ஜிடிஎக்ஸ் 1650-ஐ டிஸேபிள் செய்தேன். பயன்படுத்தாத எஸ்டி கார்டு ரீடரையும் டிஸேபிள் செய்தேன். ரீஸ்டார்ட். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது, கார்டு தன் முழுப் பெயரோடு எழுந்தது.

ஒரு எச்சரிக்கை. என் லேப்டாப்பில் உள் திரை இன்டெல்லின் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் வழியாக ஓடுகிறது, அதனால் தனி கார்டை அணைத்தாலும் திரை இருக்கும். மக்ஸ் சுவிட்ச் (திரையை எந்த கிராஃபிக்ஸோடு இணைப்பது என்று மாற்றும் சுவிட்ச்) உள்ள லேப்டாப்பில் திரை நேராகத் தனி கார்டில் பொருந்தியிருந்தால், முதலில் ஹைப்ரிட் நிலைக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம்தான் கார்டை அணைக்க வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

டிரைவர். இரண்டு கார்டும் ஜிஃபோர்ஸ் என்பதால் ஒரே டிரைவர் தொகுப்பு இரண்டுக்கும் போதும். ஆனால் லேப்டாப்போடு வந்த பழைய டிரைவரின் மிச்சங்கள் கிடக்கக் கூடாது. நெட்டைத் துண்டித்தேன், சேஃப் மோடுக்குப் போனேன், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டினேன், புதிய டிரைவரைச் சுத்தமாக ஏற்றினேன். நெட்டைத் துண்டிப்பதை விட்டுவிடாதீர்கள். நடுவில் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரை இறக்கி வைத்துவிடும்.

இன்றைக்கு இதற்கு மேல் எதுவும் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

ஜனவரி 15, வியாழன்

பாதையை அளந்தேன். சில லேப்டாப்களில் தண்டர்போல்ட் கன்ட்ரோலருக்கு 4 லேனுக்குப் பதில் 2 லேன்தான் கொடுத்திருப்பார்கள், போர்டின் வெளித்தோற்றத்தில் அது தெரியாது. வன்பொருள் விவரம் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ செயலியில் பார்த்தேன், என்னுடையது 4 லேன். நிம்மதி.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் செயலியில் "4 லேன், 1.1" என்று பார்த்துப் பலர் பதறுகிறார்கள் (1.1 என்பது பிசிஐ எக்ஸ்பிரஸின் பழைய, மெதுவான தலைமுறை). கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த லிங்க் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓட்டினால் 3.0-க்கு ஏறிவிடும். லேப்டாப்பிலிருந்து கார்டுக்குப் போகும் வேகம் நொடிக்கு 2.4 ஜிபி வந்தது. இந்தப் போர்டுக்கு இது ஆரோக்கியமான எண். 1.2 பக்கம் வந்தால் 2 லேன் போர்டையோ, 20 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிட்ட கேபிளையோ சந்தேகப்படலாம்.

ஜனவரி 17, சனி

மானிட்டரைக் கார்டின் பின்னாலேயே செருகினேன். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்டில் அல்ல, நேராகக் கார்டில்.

லேப்டாப்பின் சொந்தத் திரையிலேயே ஆடலாம், விண்டோஸ் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் வெளி கார்டு வரைந்து முடித்த ஒவ்வொரு ஃப்ரேமும் அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும். 1920-க்கு 1080 ஃப்ரேம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் சுமார் 8.3 எம்பி. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 500 எம்பி, 144 என்றால் கிட்டத்தட்ட 1.2 ஜிபி. திரும்பும் திசை வேறுதான், என்றாலும் நகலெடுக்கிற வேலையும் தாமதமும் கூடவே வருகின்றன. நேரில் பார்த்ததும் அப்படியே. உள் திரையில் அசைவு நெருடியது, வெளி மானிட்டரில் அதே கேம் வழுவழு என்று ஓடியது.

விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு கேமுக்கும் "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்று கார்டைத் தேர்ந்து வைத்தேன். பிரவுசர் போன்றவற்றை இன்டெல்லிலேயே விட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்றுதான் உண்மையான பரீட்சை. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை ஒரு நொடி உறைந்து, கறுப்பாகி, டெஸ்க்டாப்புக்குத் திரும்பியது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற பதிவு: டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீட்கப்பட்டது. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 ஆக்கு என்று ஒரு யோசனை எங்கும் சுற்றுகிறது. இதை நான் ஏற்கவில்லை. கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும், முன்பைவிட அதிக நேரம் உறைந்து கிடக்கும், அவ்வளவுதான்.

அதே நேரத்தைச் சுற்றி வேறு என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்தேன். டபிள்யூஹெச்இஏ லாகர் (விண்டோஸின் வன்பொருள் பிழைப் பதிவு), எண் 17, வரிசையாக. பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட்டில் (லேப்டாப்பில் அந்தப் பாதை தொடங்கும் இடம்) பிழை ஏற்பட்டு, திருத்தப்பட்டது என்று பொருள். திருத்தப்பட்ட பிழைதானே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் வெளி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பதிவு கிடையாது. பாதையில் சிக்னல் தேய்கிறது என்பதை, திரை கறுப்பாவதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது.

முதல் மாற்றம்: பவர் ஆப்ஷன்ஸில் "பிசிஐ எக்ஸ்பிரஸ், லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்" என்பதை ஆஃப் செய்தேன். சும்மா இருக்கும் லிங்கைத் தூங்க வைத்து எழுப்பும் வேலை இது. சுரங்கத்தின் இரு முனையிலும் அந்தத் தூக்கம் ஒத்துப்போகாவிட்டால் தடுமாற்றம் வரும். பதிவுகள் பாதிக்கு மேல் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை.

அடுத்து, ஒரு பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டு, லேப்டாப் பக்கம் கேபிளின் முனையை விரலால் லேசாக அசைத்தேன். பதிவுகள் சரசரவென்று கூடின. அப்போதே புரிந்துவிட்டது. வேறு கேபிள் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

கேபிள் வந்தது. அரை மீட்டர், மின்னல் குறியும் 3 என்ற எண்ணும் உள்ளது. யூஎஸ்பி-சி முனை இருப்பதெல்லாம் தண்டர்போல்ட் கேபிள் ஆகாது. பாஸிவ் வகை (சிக்னலைத் தூக்கிவிடும் சிப் இல்லாத) கேபிள் அரை மீட்டர் வரைக்கும் 40 ஜிகாபிட் தாங்கும், அதற்கு மேல் நீண்டால் பெரும்பாலும் 20-க்கு இறங்கிவிடும். 2 மீட்டரில் 40 வேண்டுமென்றால் அந்தச் சிப் உள்ள ஆக்டிவ் வகைதான். பெட்டியை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து, கேபிள் வளைந்து தொங்காதபடி லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன்.

மாலை முழுவதும் ஆடினேன். எண் 17 ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 22, வியாழன்

சின்னக் குறிப்பு. பெட்டி அதே கேபிளில் லேப்டாப்புக்குச் சார்ஜும் கொடுக்கிறது, ஆனால் கேமிங் லேப்டாப்பின் பசிக்கு அது போதாது. லேப்டாப்பின் சொந்தச் சார்ஜரையும் செருகியே வைத்திருக்கிறேன். இல்லையென்றால் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பழி வெளி கார்டின் மேல் விழும். பெட்டியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி போர்ட்களில் ஹார்டு டிஸ்க் எதையும் செருகவில்லை. அதுவும் இதே பாதையைத்தான் பகிர்ந்துகொள்கிறது.

எதிர்பாராத லாபம் ஒன்று. உள் கார்டு அணைந்திருப்பதால் லேப்டாப்பின் குளிரூட்டல் முழுவதும் பிராசஸருக்கே கிடைக்கிறது. கேம் ஓடும்போது அதன் கிளாக் முன்பைவிட நிலையாக நிற்கிறது, ஃபேன் சத்தமும் தணிந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

எழுவதும் தூங்குவதும். ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் கார்டு சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. இதற்குத் தீர்வு தேடி நேரத்தைச் செலவழிக்க நான் தயாராக இல்லை. ஸ்லீப்பையே நிறுத்திவிட்டு, மூடி வைக்கும்போது ஷட்டவுன் செய்கிறேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்தேன். அது இருந்தால் ஷட்டவுன் முழுமையான ஷட்டவுன் அல்ல. கர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) பழைய நிலையைச் சேமித்து வைத்து மறுமுறை அதையே எழுப்பும், சாதனங்களின் பழைய நினைவும் அதோடு எழும்.

முதலில் பெட்டியின் மின்சாரம், பிறகு லேப்டாப். இந்த வரிசையில் கார்டு தவறாமல் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்குவதே இல்லை. இது செருகிக் கழற்றுகிற பென்டிரைவ் அல்ல, மேசையிலேயே நிற்கும் கம்ப்யூட்டரின் ஒரு உறுப்பு என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினைகள் வருவதே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஜனவரி 31, சனி

இப்போது வேகத்தைப் பேசலாம். சராசரி எஃப்பிஎஸ்ஸை நான் பார்ப்பதில்லை. மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான் கையில் உணர்கிற விஷயம், குறுகிய பாதையின் வலி அங்கேதான் தெரிகிறது.

கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிவதுதான் பெரிய எதிரி. டெஸ்க்டாப்பில் வழிந்தால் 16 லேன் வழியாக ரேமிலிருந்து இழுத்துச் சமாளிக்கும். இங்கே ஒவ்வொரு டெக்ஸ்சரும் (கேமில் பொருள்களின் மேல் போர்த்தும் படம்) அந்த 2.4 ஜிபி பாதையில் வரிசையில் நின்று வர வேண்டும், திரை தத்தித்தத்தி நகரும். டெக்ஸ்சரை "அல்ட்ரா"விலிருந்து ஒரு படி இறக்கியதும் அந்தத் தத்தல் மறைந்துவிட்டது.

ரெசல்யூஷனை 1440-க்கு ஏற்றியதில் இழப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேபிளில் போகும் கட்டளைகள் ஏறத்தாழ அதே அளவுதான், பிக்சல் வேலை முழுவதும் கார்டுக்குள்ளேயே நடக்கிறது. மாறாக, ரெசல்யூஷனைக் குறைத்து எஃப்பிஎஸ்ஸை விரட்டினால் ஃப்ரேம்கள் பெருகி, பாதை முதலில் திணறுகிறது. ஃப்ரேம் வரம்பை 90-இல் கட்டிவிட்டேன், அந்த 1 சதவீதத் தாழ் எண்கள் சமநிலைக்கு வந்தன.

பிப்ரவரி 7, சனி

ஒக்யூலிங்க் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தண்டர்போல்ட் சுரங்கம் எதுவும் இல்லாமல், பிசிஐ எக்ஸ்பிரஸ் நேராகக் கேபிளில் வரும் வழி அது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-இல் 4 லேன் என்றால் 64 ஜிகாபிட். எம்.2 எஸ்எஸ்டி இடத்தில் அடாப்டர் வைத்து என் லேப்டாப்பிலும் செய்யலாம். ஆனால் இங்கே எம்.2 இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்பதால் 32 கிடைக்கும், அதுவும் இப்போதைய 22-ஐவிட நல்ல ஏற்றம்தான். பதிலுக்கு ஒரு எஸ்எஸ்டியை விட்டுக்கொடுக்க வேண்டும், பின்மூடியில் கேபிளுக்கு வழி செய்ய வேண்டும், ஓடும்போது செருகவோ கழற்றவோ கூடாது. கடைசி நிபந்தனை எனக்குச் சுமையே இல்லை, எப்படியும் கழற்றுவதில்லை. முதல் இரண்டுக்கு மனம் வரவில்லை.

இந்த வாரம் புதிய டிரைவர் வந்திருக்கிறது. ஆடும் கேம் எதற்கும் அதில் திருத்தம் இல்லை, அதனால் ஏற்றவில்லை. ஈவென்ட் வியூவரில் எண் 17-க்கு ஒரு வடிகட்டி சேமித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் திறந்து பார்ப்பேன். இன்று பார்த்தேன், காலி.